பாலை எங்கே ஊற்றுவது? நாலு ஏக்கர், ஆறு மாடு, நாலு வழி

போன மாதம் மட்டும் மூன்று பேர் இதே கேள்வியோடு வந்தார்கள். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மேல்மாடியில் இருக்கும் ஐயா ஒருவர் ஓய்வூதியப் பணத்தில் ஹங்வெல்லைப் பக்கம் இரண்டரை ஏக்கர் வாங்கிவிட்டார். கனடாவிலிருந்து திரும்பி வந்த ஒரு தம்பதி ஹோமாகமவுக்கு அப்பால் காணி பார்க்கிறார்கள். மூன்றாமவர் அவிசாவளையில் ஏற்கெனவே ஐந்து மாடு வைத்திருக்கும் என் மச்சான். அவருக்கு மாதக் கடைசியில் எப்போதும் கையைக் கடிக்கிறது. மூவரும் கேட்டது ஒன்றுதான்: பால் லீட்டருக்கு எங்கே கூட விலை கிடைக்கும்?

விலையை நான் சொல்லலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தும் நாங்கள் இரண்டு தடவை விழுந்து எழும்பினோம். விலை கூடின வழியில்தான் இரண்டு தடவையும் விழுந்தோம்.

எங்கள் இடம் பாதுக்கைக்கு அப்பால் நாலு ஏக்கர். யாழ்ப்பாணத்துப் பரப்புக் கணக்கில் வளர்ந்த அப்பா இன்றும் "அறுபத்திநாலு பரப்பு" என்றுதான் சொல்வார். தாழ்வில் ஒரு ஏக்கர் வயல், ஒன்றரை ஏக்கர் புல், அரை ஏக்கர் மரக்கறி, மிச்சத்தில் தென்னையும் வீடும் கொட்டிலும். பெரியதும் சிறியதுமாக ஆறு மாடுகளில் எந்த நேரமும் நாலு கறவையில் இருந்தால் நல்ல காலம். நாளுக்கு 36 லீட்டர் மட்டில் கிடைக்கும். யூரியாவும் மருந்தும் நிறுத்தி ஒன்பது வருடம். வேலை செய்யும் கைகள்: அப்பா, அம்மா, தம்பி, தம்பியின் மனைவி, வார இறுதியில் நான், காலையில் புல் வெட்ட ரப்பர் தோட்டத்திலிருந்து வரும் அக்கா ஒருவர். இந்த ஒன்பது வருடத்தில் நாலு வழியையும் பார்த்துவிட்டோம்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் மணித்தியாலம். எந்த வழியில் விற்றாலும் மாறாத வேலை ஒன்று உண்டு: புல் வெட்டிச் சுமக்க மூன்று மணி, காலை மாலை கறக்க இரண்டு மணி, கொட்டில் கழுவி எருவைத் தள்ள ஒன்றரை மணி. மாடு ஒன்றுக்குப் பச்சைப் புல் 35 கிலோ என்று வைத்தாலே நாளுக்கு 200 கிலோ தாண்டும். மாடு வைத்திருப்பது என்றால் பாதி வேலை புல் சுமப்பதுதான், அதைப் பற்றி யாரும் முதலில் சொல்வதில்லை. இந்த ஆறரை மணிக்கு மேல் எத்தனை மணி ஏறும், அது யாருடைய தலையில் ஏறும் என்பதுதான் கேள்வி. ரூபாயில் நான் கணக்கு எழுதப் போவதில்லை. 2022-ல் எழுதி வைத்த ரூபாய்க் கணக்கெல்லாம் ஆறு மாதத்தில் பழசாகிவிட்டது. லீட்டரும் மணியும் அப்படி மாறுவதில்லை.

இரண்டாவது, விற்காத பால். மாடு குழாய் இல்லை. கன்று போட்டு முந்நூறு நாள் கறக்கும், அடுத்த கன்றுக்கு முன் இரண்டு மாதம் வற்றவிட வேண்டும். இரண்டு மாடு ஒரே மாதத்தில் கன்று போட்டால் எங்களிடம் 50 லீட்டர். மூன்று வற்றினால் 15. கேட்பவர்களின் தேவையோ ஒரே அளவில் நிற்கிறது, அல்லது நமக்கு எதிர்த்திசையில் ஆடுகிறது.

மூன்றாவதுதான் இயற்கை விவசாயத்தில் ஆகப் பெரியது. ஆனால் பால் விலை பேசுகிறவர்கள் வாயில் வராது: படலையைத் தாண்டிப் போகும் சத்து. ஒரு லீட்டர் பசும்பாலில் ஐந்து கிராமுக்குச் சற்றுக் கூட நைதரசன், ஒரு கிராமுக்குக் கிட்ட பொஸ்பரசு. நாளுக்கு 36 லீட்டர் என்றால் வருடம் 13,000 லீட்டர். அதோடு வெளியே போகும் நைதரசன் ஏறக்குறைய 67 கிலோ. ஐம்பது கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. அதாவது வருடத்துக்கு மூன்று மூட்டை யூரியா எங்கள் நிலத்திலிருந்து கானில் ஏறிக் கொழும்புக்குப் போகிறது. யூரியா போடமாட்டேன் என்று சபதம் எடுத்தவர் அதை எதனால் ஈடுகட்டுவார்?

நைதரசனுக்கு வழி இருக்கிறது. வேலி முழுக்க கிளிரிசீடியா நட்டால் அது காற்றிலிருந்து நைதரசனை எடுத்து இலையில் வைக்கும். அந்த இலையை மாடும் தின்னும், மண்ணும் தின்னும். பொஸ்பரசு காற்றில் இல்லை. தேங்காய்ப் பிண்ணாக்கு வழியாகக் கொஞ்சம் உள்ளே வருகிறது. எப்பாவலப் பாறைப் பொஸ்பேற்று மெல்லக் கரையும் சாமான் என்றாலும் நம்முடைய புளித்த ஈரவலய மண்ணில் தென்னைக்கும் பழமரத்துக்கும் கைகொடுக்கும். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நாலு கறவை மாட்டுக்கும் தலைக்கு ஒன்றரைக் கிலோ பிண்ணாக்கு கொடுத்தால், வருடத்தில் பாலோடு போகும் நைதரசன் முழுவதும் பிண்ணாக்கோடு திரும்பி வந்துவிடுகிறது. ஆக எங்கள் "தன்னிறைவுத் தோட்டம்" உண்மையில் வேறொருவருடைய தென்னங்காணியின் மண்ணில் நிற்கிறது. இதை மறைக்கக்கூடாது என்பது என் கொள்கை. அதனால் போத்தலில் "முழுக்க இயற்கை" என்று எழுதுவதில்லை, பிண்ணாக்கு எங்கே வாங்குகிறோம் என்று கேட்டால் சொல்கிறோம்.

நாலாவது, "இயற்கை" என்ற சொல்லுக்கு யார் காசு தருவார்கள். 2021-க்குப் பிறகு இந்தச் சொல் நாட்டில் காயப்பட்ட சொல். இரசாயன உரத்துக்குத் தடை என்று ஏப்ரல் கடைசியில் அறிவிப்பு, மே மாதம் வர்த்தமானி, நவம்பரில் வாபஸ். நடுவில் வயல்காரர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்து வயல்காரர் இன்றும் என்னைப் பார்த்தால் "உங்கட கொம்போஸ்ட் எப்படி?" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார். மாடும் புல்லும் வேலியும் தயாராகும் முன் யூரியாவை மட்டும் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை அந்த ஆறு மாதம் காட்டிவிட்டது.

கடைசி அளவுகோல்: கரண்டும் பெற்றோலும் இல்லாத நாளில் என்ன ஆகும்? 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. அந்தக் கிழமை எங்கள் குளிர்பெட்டியில் இருந்த பால் முழுக்கப் புல்லுக்குத்தான் போனது.

வழி 1: சேகரிப்பு நிலையத்துக்கு ஊற்றுவது

இதில் வேலை குறைவு. காலையில் கறந்து, வடித்து, கானில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம். தம்பிக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். கன்று போட்ட மாதத்தில் 50 லீட்டர் கொண்டுபோனாலும் எடுப்பார்கள், 15 கொண்டுபோனாலும் எடுப்பார்கள். விற்காத பால் என்ற பேச்சே இல்லை. இதன் பெறுமதி வழி 2-ல் போய் அடிபட்ட பிறகுதான் விளங்கும்.

காசு கொழுப்புக்கும் கொழுப்பல்லாத திண்மத்துக்கும்தான், லீட்டருக்கு மட்டும் அல்ல. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறிய இளம் புல்லை மட்டும் கொடுத்தால் கொழுப்பு இறங்கும், காசும் இறங்கும். முற்றின புல்லும் வைக்கோலும் கலந்து போட்டால் கொஞ்சம் ஏறும். எங்கள் வயல் வைக்கோலை எரிக்காமல் அடுக்கி வைப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், வைக்கோலில் பொற்றாசியம் நிறைய இருக்கிறது. அது மாட்டின் வழியாக எருவாக வயலுக்கே திரும்பட்டும்.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று, பின்னேரப் பால். நிலையம் காலையில் மட்டும் எடுத்தால் மாலைப் பாலை இரவு முழுக்கக் குளிரில் வைக்க வேண்டும். கறந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் 4 பாகைக்கு இறக்காவிட்டால் நம்முடைய வெக்கையில் அது பொழுது விடியுமுன் புளிக்கத் தொடங்கும். ஒருமுறை ஒரு நிலையத்தில் எங்கள் இரண்டு கானையும் திருப்பிவிட்டார்கள். கோபத்தோடு வீட்டுக்கு வந்து காய்ச்சினால் திரிந்துதான் போயிற்று. குற்றம் எங்களது.

மற்றது மெல்ல ஏறும் நோய் மாதிரி. லீட்டர் கூடினால்தான் காசு கூடும் என்பதால் கை தானாகத் தீவன மூட்டைப் பக்கம் போகும். நாங்களும் போனோம். ஒரு வருடம் பால் கூடியது, மூட்டைக் காசும் கூடியது, மடிவீக்கமும் கூடியது. உங்கள் பால் எந்தப் புல்லில் வந்தது என்று நிலையம் கேட்பதில்லை. எல்லாப் பாலும் ஒரே தாங்கியில் கலக்கும்போது கேட்கவும் முடியாது. ஆகவே இயற்கை முறைக்கு நீங்கள் செலவழிக்கும் ஒவ்வொரு மணியும் இந்த வழியில் உங்கள் சொந்த நன்கொடை.

வீட்டில் இரண்டு பேர்தான் கை, அதில் ஒருவர் வேறு வேலைக்கும் போகிறார் என்றால் இதுவே சரி. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் முதல் வருடம் இதுதான். மாடு எப்போது வற்றும், எப்போது பொங்கும் என்பதை இன்னொருவர் தாங்கியில் பழகிக்கொள்ளலாம்.

வழி 2: கொழும்பில் வீடு வீடாகப் பால்

இதைத்தான் எல்லோரும் கனவு காண்கிறார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை. பால்மாவில் வளர்ந்த ஊர், 2021-லும் 2022-லும் பால்மாவுக்கு வரிசையில் நின்ற ஊர், நல்ல பால் என்றால் வாசல் திறக்கும் ஊர். எங்கள் கணக்கில் லீட்டருக்கு நிலைய விலையைப்போல இரட்டைக்குக் கிட்டக் கிடைத்தது. நீங்கள் ஆள் தெரிந்தவர் என்பதால் "இயற்கை" என்ற சொல்லுக்கும் காசு கிடைக்கும். பாட்டிமாருக்குச் சான்றிதழ் தேவையில்லை. காய்ச்சினால் ஆடை எவ்வளவு தடிப்பாகப் படிகிறது என்பதே அவர்களின் சான்றிதழ்.

இனிச் செலவுக்கு வருவோம். தம்பி விடிய நாலரைக்கு வெளிக்கிட வேண்டும். அப்படியென்றால் கறவை மூன்று மணிக்கு. போகவர 70 கிலோமீட்டர். முப்பது வீடு என்றால் முப்பது வாசல், அரைவாசி தொடர்மாடி, லிஃப்ட் வேலை செய்யாத நாள் ஒன்று, காவலாளி புதிதாக வந்த நாள் ஒன்று. திரும்பி வந்து போத்தல் கழுவ ஒரு மணி. கண்ணாடிப் போத்தல் நல்லதுதான், ஆனால் மாதம் ஐந்தாறு திரும்பி வராது, அதில் நல்லெண்ணெய் இருக்கும். பிறகு தொலைபேசி: "நாளைக்கு வேண்டாம், மகள் வீட்டுக்குப் போறம்." "நாளைக்கு இரண்டு லீட்டர் கூட, பாயாசம்." எல்லாம் கூட்டினால் நாளுக்கு நாலரை மணித்தியாலம், அதுவும் ஒரே ஆளின் நாலரை.

இதைவிடப் பெரிய விஷயம் நாட்காட்டி. தைப்பொங்கலுக்கு எல்லோருக்கும் பால் வேண்டும், உங்களிடம் இருப்பதைப்போல மூன்று மடங்கு. சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பே காலி. நல்லூர்த் திருவிழா 25 நாள், எங்கள் வெள்ளவத்தை வீடுகளில் பாதி அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில். ஓகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறையும் அப்படித்தான். மாட்டுக்கு விடுமுறை தெரியாது. அப்பா நல்லூர்க் கொடியேறினால் முருகனைக் கும்பிட்டுவிட்டு "இனி இருபத்தைந்து நாளும் மோர்தான்" என்பார்.

இதற்கு நாங்கள் கண்ட மருந்து ஒன்று உண்டு. வருடத்தில் ஆகக் குறைந்த பால் கிடைக்கும் மாதத்தின் அளவுக்கு மட்டும் வீடுகளுக்கு வாக்குக் கொடுங்கள். எங்களுக்கு அது 15 லீட்டர், பதினைந்து வீடு. மீதி 21 லீட்டருக்கு வேறு வழி இருக்க வேண்டும். அதாவது வழி 2 தனியாக நிற்காது. அதன் பின்னால் எப்போதும் வழி 1 அல்லது வழி 3 நிற்க வேண்டும். இதை முதல் வருடமே யாராவது சொல்லியிருந்தால் இரண்டாயிரம் லீட்டர் மிஞ்சியிருக்கும். கோயில் அபிஷேகத்துக்கு நிரந்தரமாகக் கொடுக்கும் ஒழுங்கு கிடைத்தால் அதையும் இந்த 15-க்குள் வையுங்கள். கோயில் நல்லூருக்குப் போகாது.

சுகாதாரத்தில் விளையாட வேண்டாம். காசநோயும் புரூசெல்லோசிஸும் பாலில் வரும். அரசாங்க மிருக வைத்தியரைக் கொண்டு மாடுகளைச் சோதித்து வையுங்கள். தொடங்கும் முன் உங்கள் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் போய்ப் பாருங்கள், அவர் தேடி வரும் முன். 63 பாகையில் 30 நிமிடம் வைத்துப் பாஸ்டராக்கி உடனே குளிர வைத்தால் உங்களுக்கும் நித்திரை வரும். வேண்டியது ஒரு வெப்பமானியும் பொறுமையும். பச்சைப் பாலே வேண்டும் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளரை இழப்பதில் நட்டம் இல்லை. மாட்டுக்கு அன்டிபயோட்டிக் போட்டால் வைத்தியர் சொன்ன நாள்வரை பாலை விற்கக்கூடாது. ஐரோப்பிய இயற்கை விவசாய விதி அந்த நாளையும் இரட்டிப்பாக்கச் சொல்கிறது. நாங்கள் அதைத்தான் பின்பற்றுகிறோம். வீட்டு விநியோகத்தில் அந்த நாட்கள் முழுக்க யாரோ ஒருவர் வீட்டுக்குப் பால் இல்லை.

பெற்றோல் இல்லாமல் போன 2022 ஆடி மாதத்தில் இந்த வழி முழுதாக நின்றது. பாதுக்கையிலிருந்து களனிவெளி ரெயிலில் கந்தோருக்குப் போகும் ஒரு தம்பியிடம் கானைக் கொடுத்துவிட்டு நுகேகொடையில் ஆட்களை வரச் சொன்னோம். பத்து நாள் ஓடியது. நல்ல கதைதான், ஆனால் அதை ஒரு திட்டம் என்று சொல்ல முடியாது.

வண்டி ஓட்ட மனம் உள்ள, மனிதரோடு பேசப் பிடித்த ஒருவர் வீட்டில் இருந்தால் மட்டும் இது சரி. தம்பிக்குப் பேசப் பிடிக்காது. எங்கள் முதல் விழுகை அதுதான், விலையோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

வழி 3: தயிரும் நெய்யும்

சத்துக் கணக்கு இங்கேதான் தலைகீழாகிறது. நெய் என்பது சுத்தமான கொழுப்பு. கொழுப்பு காற்றும் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து செய்த சாமான், மண்ணின் நைதரசனோ பொஸ்பரசோ அதில் இல்லை என்றே சொல்லலாம். நெய் விற்றால் மூன்று மூட்டை யூரியாவும் மோரில் வீட்டிலேயே நிற்கும். மோரைக் கன்று குடிக்கும், நாங்கள் குடிப்போம், மிஞ்சினது தண்ணீர் கலந்து மரக்கறிக்குப் போகும். மண்ணைப் பொறுத்தவரை இதைவிட இலவசமான ஏற்றுமதி கிடையாது.

ஆனால் கைக்கு? ஒரு கிலோ நெய்க்கு 27, 28 லீட்டர் பசும்பால் வேண்டும். 36 லீட்டரைக் கடைந்தால் ஒரு கிலோவும் சில்லறையும். அந்த ஒரு கிலோவுக்கு 28 லீட்டரின் விலையைக் கேட்டால் வாங்குகிறவர் கண்ணைப் பார்ப்பார். ஆகவே நெய் முழுநேர வழி அல்ல, நல்லூர் நாட்களின் வழி. பால் மிஞ்சும்போது நெய்யாக்கி வைத்தால் கரண்ட் இல்லாமலே மாதக்கணக்கில் கிடக்கும். பிறகு தீபாவளிக்கு அதே வெள்ளவத்தை வீடுகளுக்குப் போகும்.

தினசரி வழி தயிர்தான். ஒரு லீட்டர் பாலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. இங்கே ஒரு மதிப்புப் பிரச்சினை இருக்கிறது. கொழும்பில் தயிர் என்றால் மண்சட்டியில் எருமைத் தயிர், மேலே கித்துள் பாணி. எருமைப் பாலில் ஏழு வீதம் கொழுப்பு, கத்தியால் வெட்டலாம். நம்முடைய பசுந்தயிர் சட்டியைச் சரித்தால் ஓடும். முதல் மாதம் "தண்ணி கலந்திட்டியளோ" என்று கேட்டார்கள். பாலைக் காய்ச்சி ஆறில் ஒரு பங்கு வற்றவைத்து உறை போட்டால் சரியாக வரும். அந்த வற்றவைப்புக்கு எரிபொருள் வேண்டும், இங்கேதான் சாணி வாயுக் கிடங்கு கணக்கில் வருகிறது. ஆறு மாட்டின் சாணியில் நாளுக்கு மூன்று கன மீட்டர் வாயு வரும். 36 லீட்டரையும் காய்ச்சி வற்றவைக்க இரண்டு போதும். மிச்சத்தில் அம்மாவின் சமையல். வாயு எடுத்த பிறகு வரும் கரைசலில் சத்து அப்படியே இருக்கிறது, அது நேரே புல்லுக்கு. காஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்றபோது எங்கள் தயிர் நிற்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே கடைசி அளவுகோலில் வழி 3-க்கு முதலிடம் கொடுப்பேன்.

எதிர்பாராத ஒரு வாடிக்கையாளர் கூட்டமும் கிடைத்தது. கடையில் வாங்கும் கப் யோகட் பலவற்றில் ஜெலற்றின் சேர்ப்பார்கள். மரக்கறி மட்டும் சாப்பிடும் வீடுகளுக்கு அது ஆகாது, விரத நாட்களில் சொல்லவே வேண்டாம். பாலும் உறைமோரும் தவிர வேறொன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தயிருக்கு "இயற்கை" என்ற சொல்லைவிட "ஜெலற்றின் இல்லை" என்ற சொல் நல்ல விலை பேசியது. எனக்குக் கொஞ்சம் மனக்குறைதான், ஆனால் உண்மை அது.

மறைந்த செலவு: சட்டி, லேபல், அச்சு, பதிவு, தினம் இரண்டு மணித்தியாலம் அடுப்படியில் நிற்கும் ஒரு பெண். எங்கள் வீட்டில் அது தம்பியின் மனைவி. ஆரம்பத்தில் அவருடைய நேரத்தைக் கணக்கில் எழுதவே இல்லை, அதனால்தான் தயிர் அவ்வளவு லாபமாகத் தெரிந்தது. எங்கள் இரண்டாவது விழுகை அது. இப்போது சட்டிக்கு இவ்வளவு என்று அவர் கையில் தனியாகப் போகிறது. லாபம் இறங்கிவிட்டது, சண்டையும் இறங்கிவிட்டது. விற்பனை கிழமைக்கு இரண்டு நாள் மட்டும். தயிர் மூன்று நாள் பொறுக்கும், பால் மூன்று மணி பொறுக்காது.

பனீரும் செய்து பார்த்தோம். ஒரு கிலோவுக்கு ஏழு லீட்டர். நன்றாகத்தான் வந்தது. வாங்க ஆள் குறைவு, விட்டுவிட்டோம்.

வழி 4: பாலுக்காக அல்ல, சாணிக்காக மாடு

இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் மூன்று ஏக்கருக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். இரண்டு மாடு மட்டும் வையுங்கள். பால் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும். மாட்டின் உண்மையான விளைச்சல் சாணியும் மூத்திரமும். விற்பது கீரையும் மரக்கறியும் நெல்லும்.

காரணம் எளிது. ஐரோப்பிய விதிப்படி இயற்கைப் பண்ணையில் ஹெக்டயர் ஒன்றுக்கு வருடம் 170 கிலோ நைதரசனுக்கு மேல் எருவாகச் சேரக்கூடாது. அங்கத்தைய பெரிய மாட்டில் அது ஹெக்டயருக்கு இரண்டு. நாலு ஏக்கரில் ஆறு சின்ன மாடு வைத்திருக்கும் நாங்களே அந்த வரம்பின் ஓரத்தில் நிற்கிறோம். அதற்கு மேல் போனால் புல்லை வெளியே வாங்க வேண்டும், சாணி மழையோடு வாய்க்காலில் இறங்கும். எங்கள் பக்கத்து மழைக்கு எருக்குழிக்குக் கூரை போடாதவர் எருவைக் களனி கங்கைக்குத்தான் போடுகிறார்.

வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், பயற்றங்காய், மரவள்ளி. மருந்து அடித்த கீரையைப் பற்றிக் கொழும்பில் எல்லோருக்கும் ஒரு பயம் இருக்கிறது. பாலைப் பற்றி அவ்வளவு இல்லை. அதனால் கீரைக்கட்டுக்கு "இயற்கை" விலை கேட்டால் மறுபேச்சில்லாமல் தருகிறார்கள். வயலும் இதோடு சேரும். தாழ்ந்த ஈரவலய வயலில் இரும்பு நஞ்சு ஒரு தலையிடி. பொம்புவலை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கென்று உருவாக்கிய பி.டபிள்யூ. நெல்லினங்கள் தாங்கும். விளைச்சல் யூரியா போட்டவரின் வயலைவிடக் குறைவு, அதை மறைக்கவில்லை. அரிசியை வீட்டுக்கு வைத்துக்கொள்கிறோம், வைக்கோல் மாட்டுக்கு.

மறைந்த செலவு முதுகுதான். கீரை தினமும் குனிந்து பறிக்க வேண்டும். வைகாசி மழையில் பாத்தி பாத்தியாக அழுகும். அந்த இரண்டு மாதம் கையில் காசு வராது.

எல்லா வழிக்கும் பொதுவான ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறக்கும் கன்றில் பாதி நாம்பன். வளர்க்கப் புல் இல்லை, விற்றால் எங்கே போகும் என்று தெரியும். வீட்டில் அம்மா இதைப் பற்றிப் பேச விடமாட்டார். ஆறு மாட்டில் வருடம் இரண்டு நாம்பன் வரும், இரண்டு மாட்டில் இரண்டு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. வழி 4-ல் இந்தக் கேள்வி சின்னதாகிறது. இல்லாமல் போவதில்லை.

பக்கம் பக்கமாக வைத்தால்

| | நிலையம் | வீடு வீடாக | தயிர், நெய் | சாணிக்கு மாடு |
|---|---|---|---|---|
| மேலதிக மணி (நாளுக்கு) | 1 | 4½ | 3 | மாட்டில் குறையும், தோட்டத்தில் கூடும் |
| மிஞ்சும் பால் | இல்லை | நிறைய | நெய்யாகும் | குறைவு |
| வெளியே போகும் சத்து | முழுவதும் | முழுவதும் | தயிரில் முழுவதும், நெய்யில் மிகக் குறைவு | கீரையோடு கொஞ்சம் |
| "இயற்கை"க்கு விலை | இல்லை | உண்டு | ஓரளவு | நன்றாக உண்டு |
| கரண்ட், பெற்றோல் இல்லாவிட்டால் | குளிரூட்டல் சிக்கல் | நிற்கும் | ஓடும் | ஓடும் |

சான்றிதழ் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்முடைய இயற்கை விவசாயத் தரம் எஸ்.எல்.எஸ். 1324. ஏற்றுமதி நினைப்பு இருந்தால் ஐரோப்பிய விதியில் நிலத்துக்கு விதைப்புக்கு முன் இரண்டு வருடம், கறவை மாட்டுக்கு ஆறு மாதம் மாற்றக் காலம். ஆறு மாட்டுப் பாலை வெள்ளவத்தையில் விற்க அந்தச் செலவு கட்டாது என்பது என் முடிவு. பதிலுக்கு வருடம் ஒருமுறை வாடிக்கையாளரைத் தோட்டத்துக்குக் கூப்பிடுகிறோம். பிள்ளைகள் சாணியில் காலை வைத்துவிட்டுக் கத்துவார்கள்.

அந்த மூன்று பேருக்கும் சொன்னது

நாங்கள் இப்போது செய்வது கலவை: பதினைந்து லீட்டர் வீடுகளுக்கு, அதுவும் தொடர்மாடிகளுக்கு ஏறுவதில்லை, நாலு இடத்தில் வைத்துக் கொடுக்கிறோம், அவர்களே வந்து எடுப்பார்கள். மீதி தயிர். விடுமுறைக் காலத்தில் நெய். தம்பி எவரோடும் பேசத் தேவையில்லை.

மச்சானிடம் நிலையத்தை விட வேண்டாம் என்றேன். வீட்டில் அவர் தனி ஆள். அவருக்கு வேண்டியது நல்ல விலை அல்ல, தீவன மூட்டையைப் பாதியாக்கும் ஒரு ஏக்கர் புல்லும் வேலியில் கிளிரிசீடியாவும். கனடாத் தம்பதிக்குத் தயிர். இருவருக்கும் அடுப்படியில் நிற்கப் பிடிக்கும், வியாபாரம் பேசவும் வரும்.

ஹங்வெல்லை ஐயாவுக்குத்தான் நீளமாகச் சொன்னேன். 2016 மே வெள்ளத்தில் அவருடைய கீழ்ப்பாதி தண்ணீருக்குள் கிடந்ததாகப் பக்கத்துக் காணிக்காரர் சொல்லியிருக்கிறார். கொட்டிலை மேட்டில் போடுங்கள், இந்த வருடம் மாடு வேண்டாம், முதலில் சி.ஓ. 3 புல் துண்டு நடுங்கள், முதல் வெட்டுக்கே இரண்டு மூன்று மாதம் ஆகும், வேலி அடையட்டும், பிறகு இரண்டு மாடு, வழி 4. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். போன கிழமை தொலைபேசி எடுத்தார். நல்ல ஜேர்சிக் கலப்பு இரண்டு மலிவாக வந்ததாம், வாங்கியாச்சாம். இனிப் புல் எங்கே வாங்கலாம் என்று கேட்கிறார்.